லிட்மன் கிளாசிக் த்ரீ: இரண்டு வருடம் கழுத்தில் போட்டுத் திரிந்த பிறகு

மட்டக்களப்பில் தாதியாக வேலை செய்கிறேன். பயிற்சியில் இருக்கிற தங்கச்சிமார் "அக்கா, ஒரு ஸ்டெதஸ்கோப்புக்கு இவ்வளவு காசு குடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். குடுக்கலாம்.

முன்பு ஒரு மலிவான சாமான் வைத்திருந்தேன். பிரஷர் பார்க்கும்போது மேலே சுத்துகிற ஃபேன், பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அழுகை எல்லாம் கேட்கும், கை நாடியின் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கிடக்கும். இந்த லிட்மனில் காதுக் குமிழ்கள் மென்மை, காதை நன்றாக அடைத்துக்கொள்ளும், வெளிச்சத்தம் பாதி குறைந்துவிடும். நெஞ்சில் வைக்கிற வட்டத் தலையை மெதுவாக வைத்தால் தாழ்ந்த சத்தம், கொஞ்சம் அழுத்தினால் மூச்சுச் சத்தம் போன்ற உயர்ந்த சத்தம். பெரியவர்களுக்குப் பெரிய பக்கம், பிள்ளைகளுக்குச் சின்னப் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும், ஒன்றுமே கேட்காவிட்டால் பயப்படாமல் அந்த வட்டத் தலையைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தச் சாமான் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1816, பாரிஸில் நெக்கர் வைத்தியசாலை. அப்போதெல்லாம் வைத்தியர் நெஞ்சிலேயே காதை வைத்துத்தான் கேட்பார். அங்கே வைத்தியராக இருந்த ரெனே லெனெக்கிடம் இதய வருத்தத்தோடு ஓர் இளம்பெண் வந்தார், நல்ல பருமன், நெஞ்சில் காது வைக்க லெனெக்குக்குக் கூச்சம். கடதாசியை இறுக்கிச் சுருட்டி ஒரு நுனியை அந்தப் பெண்ணின் நெஞ்சிலும் மறு நுனியைத் தன் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டதாம்! அப்புறம் அதே மாதிரிக் குழாயை மரத்தில் தன் கையாலேயே கடைந்து எடுத்தார். மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பக்கம் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மற்ற நுனியில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்கிற எங்கள் ஆட்களுக்கு இந்த வித்தையை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து கிளினிக்குக்கு வருகிற ஓர் ஆச்சி, "என்ன மனே, இந்தக் குழாய்க்குள்ள என்னதான் கேட்குது?" என்று ஒருநாள் கேட்டார். குமிழ்களை அவருடைய காதில் வைத்து, மறுமுனையை அவருடைய நெஞ்சிலேயே பிடித்தேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "தோணிக்கு அடியில ஆரோ தட்டுறாப்போல கிடக்கு மனே" என்றார். எழுபது வருடத்துக்கு மேல் உள்ளே அடித்த சத்தத்தை அன்றுதான் முதல்முறை கேட்டிருக்கிறார். அதன் பிறகு மாத்திரையைத் தவறவிடுவதில்லை.

லெனெக்கின் முடிவும் இந்தக் குழாயோடுதான். 1826இல் அவர் நோயில் விழுந்தபோது அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அதே கருவியை அவருடைய நெஞ்சில் வைத்துக் கேட்டார். கேட்டது காசநோய்ச் சத்தம், லெனெக்கே உலகத்துக்குப் படித்துக்கொடுத்த சத்தம். அவருக்கு 45 வயதுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது கனத்துவிடும்.

சரி, வாங்குகிறவர்களுக்கு. போலி நிறைய உலாவுகிறது, பில்லும் உத்தரவாதமும் தருகிற இடத்தில் வாங்குங்கள். வியர்வைக் கழுத்தில் நேரே போடாமல் கொலருக்கு மேல் போடுங்கள், இல்லாவிட்டால் குழாய் விறைத்துப்போகும். பெயர் எழுதி ஒட்டுங்கள், வார்ட்டில் "இப்ப தாறன்" என்று கேட்டு எடுத்தால் திரும்பி வராது.