பணகுடிக் காற்றில் ஒரு போக்குவரத்து ரேடார்

தூத்துக்குடிச் சாலையில் வாகனக் கணக்கெடுப்புப் பணியை எடுத்திருக்கும் நண்பர் ஒருவர், பணகுடிக்குத் தெற்கே நான்குவழிச் சாலையில் நான் பராமரித்துவரும் அதே ரேடாரைத் தாமும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, எத்தனை தடங்களைப் பார்க்கும், எவ்வளவு தொலைவு எட்டும் என்பவையெல்லாம் விற்பனையாளர் தரும் தாளிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அந்தத் தாளில் ஒரே ஒரு சிறிய படத்தோடு முடிந்துபோகிற, கருவியைக் கம்பத்தோடு பிணைக்கும் பிராக்கெட்டைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று, புரட்டாசி வரை இந்தப் பக்கத்தை விடாது. முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். சாலை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. எதிரே வரும் வாகனங்களை நேராகப் பார்க்க வேண்டிய ரேடாரின் முகமும் சாலையின் போக்கிலேயே திரும்பியிருக்கிறது. ஆகவே மேற்கிலிருந்து வரும் காற்று அதன் விலாவில் அறைகிறது. கருவியை இடம் வலமாகத் திருப்பும் இணைப்புக்கு நிறுவனம் கொடுத்திருப்பதோ ஒற்றைப் போல்ட், அதுவும் பல் வெட்டாத இரண்டு வழுவழுப்பான தகடுகளை நெருக்கிப் பிடிக்கும் போல்ட். எவ்வளவு இறுக்கினாலும், கம்பத்தின் அதிர்வும் காற்றின் தள்ளலும் சேர்ந்து அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிவிடுகின்றன.

திரும்புவது 2 டிகிரிதான் என்பதால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் 100 மீட்டர் தொலைவில் 2 டிகிரி என்பது ஏறத்தாழ 3.5 மீட்டர், ஒரு தடத்தின் அகலமும் அவ்வளவுதான். எனவே இடத்தடத்தில் வரும் லாரிகள் வலத்தடத்தில் வருவதாகப் பதிவாகின்றன. வலத்தடத்துக் கார்கள் நடுத்திட்டின் அரளிச் செடிகளுக்குள் ஓடுவதாகத் திரை காட்டுகிறது. இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், வேகக் கணக்கு மட்டும் அசைவதே இல்லை. நேராகப் பார்க்கும் ரேடாரில் 2 டிகிரி விலகல் வேகத்தில் உண்டாக்கும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே அலுவலகத்தில் உட்கார்ந்து வேகப் பட்டியலை மட்டும் பார்ப்பவர், கருவி நலமாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

திருத்துவதற்கு ஏணி வண்டியை வாடகைக்குப் பிடித்து, ஒரு தடத்தை மூடி, ஒருவர் மேலே நின்று மெல்லத் திருப்ப, மற்றொருவர் கீழே மடிக்கணினித் திரையையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அந்த ஏணியின் உச்சியில் நின்றவருக்கே அதன் அருமை தெரியும். நிறுவனத்திடம் முறையிட்டபோது, குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினீர்களா என்ற கேள்விதான் பதிலாக வந்தது. கடைசியில் வள்ளியூர் லேத்துப் பட்டறை ஒன்றில் தகடுகளில் துளையிட்டு, கோணம் சரியானதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் எஃகு முளை ஒன்றைக் கடைந்து வாங்கிப் பொருத்திய பிறகே தொல்லை பெருமளவு அடங்கிற்று. இரண்டு தகடுகளின் குறுக்கே ஒரு பெயிண்ட் கோட்டையும் இழுத்து வைத்திருக்கிறேன். கோடு முறிந்திருந்தால் தொலைநோக்கியில் பார்த்தே அறியலாம். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த முளையை இவ்வளவு விலை சொல்லும் நிறுவனம் பெட்டிக்குள் போட்டு அனுப்பாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரேடாரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வாகனங்களை எண்ணுவதற்காகச் சாலையைக் கீறிப் புதைக்கும் லூப் கம்பிகள், மேற்பரப்பைச் சுரண்டிப் புதுத் தார் போடும்போது அறுந்துபோகும்; இதற்கு அந்தக் கவலை கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பெருமழையில், பக்கத்துக் கம்பத்துக் கேமரா வெறும் வெண்மையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ரேடார் லாரிகளை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். மழைத்துளி அதைவிடச் சிறியதாகையால், நூறு மீட்டர் தொலைவுக்குள் மழை அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

எதிர்பாராத வேடிக்கை ஒன்றும் உண்டு. காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட டிரெய்லர் கடக்கும்போது, கண்ணாடி இழை இறக்கை உலோகத்தைப் போலப் பளிச்செனத் தெரியாததால், முன்னால் இழுக்கும் வண்டியும் பின்சக்கரத் தொகுதியும் இரண்டு தனி வாகனங்களாகப் பதிவாகின்றன: ஒரே வேகம், இம்மி மாறாத இடைவெளி, ஒழுங்கு தவறாத இரண்டு ஓட்டுநர்கள். அந்தப் பதிவுகளை நான் திருத்தாமல் தனியே சேமித்து வைத்திருக்கிறேன்.

மற்றப் பராமரிப்பு எளிது. கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இணைப்புப் பெட்டியில் எறும்பு குடியேறாமல் ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஐப்பசி இடிக்கு முன் மின்னெழுச்சித் தடுப்பானைச் சோதிக்க வேண்டும். ஒட்டி வரும் இரண்டு பைக்குகளை இது ஒன்றாகவே எண்ணும், அதற்கு மருந்தில்லை.

நண்பருக்கு என் பதில்: தூத்துக்குடிச் சாலைக்கு வாங்கலாம், ஆனால் பிராக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பணகுடிப் பக்கத்துக்கு வேண்டாம். ஏணி வண்டிக்காரருக்கு நேற்றுத்தான் மீண்டும் வாடகை கொடுத்திருக்கிறேன். புரட்டாசி கழிந்த பிறகு இதே கேள்வியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.