தலைக்கட்டு நோட்டும் வில்லங்கச் சான்றும்: தாத்தா ஊரில் பதினாறு நாள்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் நாலு மணி நேரம்தான். அந்தக் கடலைத் தாத்தா கப்பலில் தாண்டிப் பினாங்கில் இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஊர் திரும்பவில்லை. நான் போனது வம்சாவளியைத் தேடித்தான். அரசு அலுவலகங்களிலும் ஊரிலும் எது உதவியது, எது நாளை வீணாக்கியது என்பதை, இதே எண்ணத்தோடு கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கையில் இருந்தவை மூன்று: தாத்தாவின் அடையாள அட்டை நகல், அப்பாவின் பிறப்புப் பத்திரம், ஒரு பழைய கடித உறையில் இருந்த ஊர்ப் பெயர். மலேசிய அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி' (மகன்) என்பதற்குப் பின்னால் தகப்பனார் பெயர் இருக்கும். ஆனால் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் அது. எங்கள் தாள்களில் ஒரே பெயர் மூன்று விதமாக இருந்தது. அதனால் கிளம்பும் முன்பே ஊரில் இருக்கும் அத்தையைத் தொலைபேசியில் பிடித்து, அவர் உச்சரிக்கிறபடி பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டேன். இதை யாரும் தவறவிடக் கூடாது. ஊர்ப் பதிவேடுகளில் தேடப் போவது தமிழ்ப் பெயரைத்தான்.

அத்தை என்றால் தாத்தாவின் அண்ணன் மகள். முதல் மூன்று நாள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தேன். அந்த மூன்று நாள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். அங்கே ஒரு பாடம் கற்றேன். அவர் "சித்தப்பா" என்று சொன்ன ஐந்து பேரில் ஒருவர்தான் அவருடைய அப்பாவுடன் கூடப் பிறந்தவர். மற்ற நால்வரும் அந்தத் தலைமுறைப் பங்காளிகள். நம் உறவுச் சொல் வகையைக் காட்டும், பிறப்பைக் காட்டாது. அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் "கூடப் பிறந்தவரா? அவருக்கு அப்பா யார்?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருகிறது. தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதாவிட்டால் இரண்டு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள்.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்கப் போனவர் தாத்தா என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. தாத்தா அப்போது பிறந்திருக்கவே முடியாது. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அடுத்த தாது 1936 சித்திரையில் பிறந்தது. மலாயாவுக்குக் கூலித் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது 1938-ல். அதற்கு முன் போனவர் அவர் என்றால் எல்லாம் பொருந்துகிறது. பழைய பஞ்சத்தின் பெயர் புதிய பயணத்தோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் அலுவலக வேலை தொடங்கியது. தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்குமா என்று முதலில் கேட்டேன். கிடைக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முந்தையவை கிராம அதிகாரிகள் எழுதிய பதிவேடுகள். கர்ணம், முன்சீப் என்ற அந்தக் கிராம அதிகாரிப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. அந்த நோட்டுகள் எங்கே போயின என்று கேட்டால் ஒவ்வொரு மேஜையும் அடுத்த மேஜையைக் காட்டியது. இதில் இரண்டு நாள் போயிற்று. 1970-க்கு முன் பிறந்தவர்களுக்கு இங்கிருந்து தொடங்காதீர்கள்.

நிலம்தான் பேசியது. இ-சேவை மையத்துப் பெண் பத்து நிமிடத்தில் பங்காளி ஒருவர் நிலத்தின் சிட்டாவையும் (உரிமையாளர் விவரம்) அ-பதிவேட்டையும் (புல எண் வாரியான நிலப் பதிவேடு) எடுத்துக் கொடுத்தார், நான் கேட்காமலே பழைய புல எண்ணைக் கோடிட்டும் காட்டினார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பத்திரங்களைத் தேட அந்தப் பழைய எண் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் எங்கள் ஊருக்கு 1975-லிருந்து வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். அங்கே பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டமே சொல்கிறது. நான் போன அலுவலகத்தில் இதைச் சொல்வதற்கே இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. "வெளிநாட்டுக்காரருக்கு எதுக்கு?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன நகல் ஒன்பதாம் நாள் கிடைத்தது. பதினாறு நாள் விடுப்பில் வந்தவனுக்கு அது பெரிய இழப்பு. ஆகவே மனுவை வந்த மறுநாளே போட்டுவிட்டு அப்புறம் உறவுகளைப் பார்க்கப் போங்கள்.

அலுவலக வாசலில் இருந்த பத்திர எழுத்தர் ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துக் காட்டினார். கிடைத்தது 1934-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். வம்சம் தேடுகிறவருக்குக் கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைதான் புதையல். யாருக்கு யார் மகன், யார் இறந்துவிட்டார், யார் மைனர் என்று எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். "ஷை" என்று வந்தால் மேற்படி என்று அர்த்தம். வரி ரசீதில் பசலி ஆண்டு இருந்தால் 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பத்திரத்தில் தாத்தாவுக்கு வயது 15. அடையாள அட்டையோ அவரை நாலு வயது மூத்தவராகக் காட்டுகிறது. தோட்டத்தில் பெரிய ஆளாகச் சேர வயதைக் கூட்டிச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பத்திரத்தில் தாத்தாவின் வயது இருந்த அந்த வரியின் கடைசியில்தான் நான் அசந்து நின்றேன். "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று தொடங்கி ஒரு பெண்ணின் பெயர். அத்தைக்கு அவர் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா. அவரை நாலு வயதில் பறிகொடுத்த அத்தைக்கு அவர் பெயர் தெரியாது. பெரியவர்கள் பெயரை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டில் எங்கள் பங்காளிகள் நாலு தலைமுறை வரிசையாக இருக்கிறார்கள், பூசாரி அரைநாள் உட்கார்ந்து படமெடுக்க விட்டார், அவருக்கு என் நன்றி. ஆனால் அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. 91 ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாசித்தபோது அத்தை அதைத் தானும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நான் போகவில்லை. ஊரின், ஜில்லாவின் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய சொத்து. ஆள் பெயரைத் தேடித் தொடங்குகிறவர் அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெட்டிகளைத்தான் முதலில் திறக்க வேண்டும். அத்தையின் தகரப்பெட்டியில் 1966-ல் நடந்த அவர் கல்யாணத்து மொய் நோட்டு இருந்தது. ஒவ்வொரு மொய்க்கும் முன்னால் ஊர்ப் பெயர், அப்புறம் ஆள் பெயர். பெண் வழி உறவைத் தேட இதற்கு ஈடான ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை. "இது எங்கப்பாவோட தாய்மாமன் வீடு" என்று ஒரு வரியில் அத்தை விரலை வைத்தார். அப்படியானால் அதுதான் அப்பாயியின் பிறந்த ஊர். காவிரிக்கு அக்கரை.

அன்று பதினைந்தாம் நாள். மறுநாள் எனக்கு விமானம். அத்தை மகன் தன் வண்டியில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். நான் கோலாலம்பூரில் இறங்கித் தொலைபேசியைத் திறந்தபோது அவர் அனுப்பிய குரல் பதிவு வந்திருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பேசுகிறார்: "எங்க தாத்தாவோட அக்கா மகன் ஒருத்தர் சின்ன வயசுல மலாயாவுக்குப் போயி வரவே இல்லன்னு சொல்லுவாங்க. அவரோட பிள்ளைகளாப்பா நீங்க?"