டைமண்ட் கட் அலாயா, பெயின்ட் அலாயா?

காருக்கு வரும் அலாய் (அலுமினியக் கலப்புலோக) வீல்களில் டைமண்ட் கட் வகை ஷோரூமில் கண்ணைப் பறிக்கும். முகப்பை லேத்தில் சீவி, வெறும் அலுமினியத்தின் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) மட்டும் அடித்திருப்பார்கள். நடைபாதைக் கல்லில் உரசி அந்தக் கோட் பெயர்ந்தால் போச்சு. அடியில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த தடம் போல வெள்ளையாக அரிப்பு பரவும். மறுபடி சீவலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும், அதனால் சில முறைக்கு மேல் முடியாது.

முழுக்கப் பெயின்ட் அடித்த அலாயில் அந்த மினுக்கு இல்லை. சிராய்ப்பு விழுந்தால் தேய்த்து டச்சப் செய்துகொள்ளலாம். கடலோரம் தினமும் ஓடும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கழுவும் முறை இரண்டுக்கும் ஒன்றே: வீல் ஆறிய பிறகு கார் ஷாம்பு, மெத்தென்ற பிரஷ். பிரேக் தூசியில் இரும்புத்துகள் இருக்கும், வாரக்கணக்கில் விடாதீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம், டைமண்ட் கட்டுக்கு அறவே கூடாது.