மினாக்ஸிடிலா, ஃபினாஸ்டெரைடா, பயோட்டினா: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முடி கொட்டுகிறதே என்று மருந்து வாங்கும் முன் கொஞ்சம் பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா? ஆமென்றால், தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும் அந்த முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் எதைத் தடவியிருந்தாலும் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும். பல எண்ணெய்களின் புகழ் இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் வேறு கதை. அது பரம்பரை வழுக்கை, தானாக நிற்காது. இதில் நிரூபணமான மருந்துகள் இரண்டுதான் முன்னால் நிற்கின்றன.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி அதிகம் வளர்ந்ததைக் கவனித்த பிறகே தலையில் தடவும் மருந்தானது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. ஆண், பெண் இருவரும் பயன்படுத்தலாம். ஆனால் முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டக்கூடும். பழைய முடி விழுந்து புது முடிக்கு இடம்விடும் கட்டம் அது. பலர் பயந்துபோய் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

ஃபினாஸ்டெரைடு நேராகக் காரணத்தையே பிடிக்கிறது. முடி வேரைச் சுருங்கவைக்கும் டிஹெச்டி ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மி.கி. மாத்திரையாக வந்தது. இருக்கும் முடியைக் காப்பாற்றுவதில் இதுவே மேல் என்பது என் கணிப்பு. ஆனால் சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வும் வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவையும் இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். அதனால் மருத்துவரைப் பார்க்காமல் இதை வாங்காதீர்கள்.

பயோட்டின்? அது பி வகை வைட்டமின்களில் ஒன்று. உடம்பில் அது குறைந்திருப்பது அபூர்வம். குறைவில்லாதவருக்கு முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு, மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனைகள் தவறாக வரக்கூடும் என்பதால் இதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுவேன்.

சரி, விலை. ஒரு பாட்டில் கணக்கு ஏமாற்றும். மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு இரண்டில் எதை நிறுத்தினாலும் அதனால் கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும். ஆகவே ஐந்து வருடச் செலவைப் போட்டுப் பாருங்கள். அது கட்டுபடியாகாது என்றால் ஆரம்பிக்க வேண்டாம். முடி மாற்று சிகிச்சை செய்தாலும் மிச்சமிருக்கும் முடிக்குப் பெரும்பாலும் மருந்து தொடரத்தான் வேண்டும்.

ஆரம்பிக்கிறீர்கள் என்றால், முதல் நாளே உச்சியைப் படம் எடுத்து வையுங்கள். ஆறாம் மாதம் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.