அறுபது காய்களும் ஒரு நீண்ட காத்திருப்பும்: ஒரு மேசை விளையாட்டைப் பற்றி

சீனத்தின் சின் அரசு தெற்கிலிருந்த சூ அரசை வென்ற படையெடுப்பைக் களமாகக் கொண்ட மேசை விளையாட்டொன்றை ஹட்டன் நகரில் ஒரு கடையில் 4,500 ரூபாய்க்கு வாங்கி, மழை விடாத மூன்று மாலைகள் அண்ணன் மகனுடன் ஆடிப் பார்த்தேன்.

சின் தரப்பில் ஆடுபவர் முதலில் தளபதியைத் தெரிவு செய்ய வேண்டும். சூவை வெல்ல இளைஞரான லீ ஷின் 2 இலட்சம் வீரர் போதுமென்றார். முதியவரான வாங் ஜியான் 6 இலட்சம் இல்லாமல் முடியாதென்றார். ஒரு காய்க்கு 10,000 பேர் என்பதால் முன்னவருக்கு இருபது காய்கள், பின்னவருக்கு அறுபது. பையன் லீ ஷினை எடுத்து விறுவிறுவென முன்னேறினான். சூ தளபதி ஷியாங் யானாக ஆடிய நான், மூன்று பகலும் மூன்று இரவும் ஓயாமல் பின்தொடரும் சீட்டைப் போட்டதும், கி.மு. 225இல் நடந்தது போலவே அவனுடைய இரண்டு முகாம்களும் சரிந்தன.

விளையாட்டின் உயிர் வாங் ஜியானின் ஆட்டத்தில்தான் இருக்கிறது. அவர் முகாமுக்கு அரண் கட்டிக்கொண்டு போருக்கு வர மறுத்து, வீரர்களுக்கு நல்ல உணவளித்து, அவர்கள் கல்லெறிந்தும் தாண்டிக் குதித்தும் பொழுதுபோக்கும் வரை காத்திருந்தார். சண்டையிடாத ஒவ்வொரு சுற்றுக்கும் காய்களின் மேல் கல் பொறித்த வில்லையொன்றை வைக்கிறோம். பலம் ஏற, தானிய மூட்டைகள் குறைகின்றன. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும் கணக்கப்பிள்ளையைப் போல எண்ணிக்கொண்டு சும்மா இருப்பது இத்தனை பதற்றம் தருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. சலித்துப்போன சூ படை கிழக்கே திரும்பும்போதுதான் பாய வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. ஏறக்குறைய முழுப் படையையும் கையில் வைத்திருந்த வாங் ஜியான், மன்னருக்குச் சந்தேகம் எழாதிருக்க, நல்ல நிலம் வேண்டுமென்று ஐந்து முறை தூதனுப்பினார். அரசாளும் ஆசையில்லை, சொத்தாசை மட்டுமே என்று காட்டும் அந்தத் தந்திரம் விதிப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதற்கென ஒரு சீட்டுக்கூட இல்லை.

வரைபட அட்டையும் இங்குள்ள ஈரத்துக்குத் தாங்கவில்லை. இரண்டாம் நாளே நடுவில் உப்பி, காய்கள் சறுக்கின. தானிய மூட்டைகளில் நான்கு பெட்டியிலேயே இல்லை. திறந்த பெட்டியை மாற்றித் தர முடியாதென்று கடைக்காரர் கையை விரித்துவிட்டதால், கடலைப் பருப்பை வைத்து ஆடினோம். மூன்றாம் மாலை பையன் வாங் ஜியானை எடுத்து, பதினொரு சுற்று அசையாமலிருந்து, சூ மன்னர் ஃபூசூவைச் சிறைப்பிடித்தான். வரலாற்றில் அது கி.மு. 223.