வீட்டுக் கொட்டிலா, லாயமா, பங்குக் குதிரையா?

குதிரை வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த இனம், எந்த நிறம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எங்கே நிற்கும், ராத்திரியில் அதை யார் பார்ப்பார்கள்? குதிரை 25, 30 வயது வரைகூட வாழும். அத்தனை வருஷமும் உங்கள் தூக்கம், முதுகு, வீட்டாரோடு உள்ள சுமுகம் எல்லாம் இந்தப் பதிலைச் சுற்றியே ஓடும்.

வழிகள் மூன்று. வீட்டோடு கொட்டில் போட்டு வைத்துக்கொள்ளலாம். மாதக் கட்டணம் கட்டி லாயத்தில் விடலாம். சொந்தமாக வாங்காமல், இன்னொருவர் குதிரையை வாரத்தில் சில நாள் பங்குபோட்டு ஓட்டலாம். மூன்றிலும் நான் இருந்து பார்த்திருக்கிறேன். பலரும் செலவை மட்டும் வைத்து ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். நான் ஆளின் நிம்மதியையும் குதிரையின் நிம்மதியையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கிறேன். ஒன்று கெட்டால் மற்றதும் சீக்கிரமே கெட்டுவிடும்.

வீட்டுக் கொட்டில்

இதன் சுகம் வேறு எதிலும் கிடைக்காது. விடியற்காலையில் கதவுத் தாழ்ப்பாளை எடுக்கும் சத்தத்துக்கே கொட்டிலில் இருந்து பதில் வரும். முழுக் கனைப்பு இல்லை, மூக்குக்குள்ளேயே உருட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அதைக் கேட்டு எழுந்த நாட்களில் எனக்கு மனசு கனத்ததே கிடையாது. சேணம் போடாமல், எங்கும் போகாமல், சும்மா பக்கத்தில் நின்று பிடரியை வாரிவிட்டுக்கொண்டிருக்கலாம். லாயத்தில் அந்த நேரம் கிடைக்காது.

இனி வேலையைப் பார்ப்போம். 500 கிலோ குதிரைக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோ காய்ந்த புல் வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது, வெயில் காலத்தில் இன்னும் ஏறும். லத்தியும் மூத்திரமும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் அள்ள வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் இது நிற்காது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறையாவது பல்லைப் பார்க்க வேண்டும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசிக்கலாமா என்பார்கள். குதிரை வாங்கியவருக்கு அங்குசம் என்பது அவருடைய நேரம்தான்.

வேலைக்குப் போகிறவர் வீட்டில் காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு என்று போடுவது வழக்கம். குதிரையின் வயிறு அதற்கு ஒத்து வராது. அதன் இரைப்பை உடம்பை ஒப்பிட்டால் சின்னது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரும். மனிதரைப் போல வாந்தி எடுத்துச் சமாளிக்கவும் அதனால் முடியாது. சின்னக் கண்ணி வலையில் புல்லைத் திணித்துத் தொங்கவிட்டால் மெதுவாக, நாள் முழுக்கத் தின்னும். இந்த ஒரு மாற்றத்திலேயே என் குதிரையின் முன்கோபம் பாதி குறைந்தது.

ஆனாலும் வீட்டுக் கொட்டிலின் பெரிய குறை தீனியில் இல்லை. தனிமையில் இருக்கிறது.

என் குதிரையின் முன்னங்கால் கணுக்களில், முன்பக்கமாக, காசளவுக்குத் தோல் உரிந்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். எங்கேயோ இடித்துக்கொண்டது என்று நினைத்து மருந்து போட்டேன். ஆறும், மறுபடி உரியும். கால்நடை மருத்துவர் வந்து காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "இது படுத்துப் பார்த்திருக்கிறீர்களா?" யோசித்துப் பார்த்தேன். பல மாதமாக நான் பார்க்கவே இல்லை. குதிரை நின்றபடியே கண் அயரும், அதற்கேற்ற கால் அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். தினமும் அரை மணி நேரமாவது அது தேவை. கூட்டத்தில் ஒன்று காவல் நிற்கும், மற்றவை படுக்கும். தனியாக இருக்கிற குதிரைக்குக் காவல் யார்? அது படுக்கப் பயந்து நின்றுகொண்டே தூங்கும், தூக்கம் ஆழமானதும் முழங்கால் மடிந்து முன்னால் சரியும், திடுக்கிட்டு எழும். அந்தக் காயம் அப்படி வந்தது. அவ்வளவு அன்பாகக் கவனித்தும் அதற்கு ஒரு நல்ல தூக்கத்தை என்னால் தர முடியவில்லை என்று தெரிந்தபோது அன்றைக்கெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் வீட்டில் வைப்பதானால் இரண்டு குதிரைகளாக வையுங்கள், பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களும் இருக்கட்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லாயம்

லாயத்தில் கிடைப்பது துணை. குதிரைக்கும்தான், உங்களுக்கும்தான்.

வீட்டில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு என் குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, லத்தி போடவில்லை. கோலிக் என்கிற வயிற்றுவலி. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடி பார்த்தேன். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது 60ஐத் தாண்டியிருந்தது. மருத்துவர் வந்து சேரும் வரை நானும் அதுவும்தான். லாயத்துக்குப் போன பிறகு அதே மாதிரி ஒரு ராத்திரி வந்தது. ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் மருத்துவரோடு போனில் பேசினார், ஒருவர் என் தோளில் கை வைத்து நின்றார். நோய் ஒன்றுதான், ஆனால் நான் மறுநாள் மனுஷனாக வேலைக்குப் போனேன்.

சிரிப்பும் லாயத்தில்தான் அதிகம். எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்கு உதட்டால் தாழ்ப்பாள் திறக்கத் தெரியும். ஒருநாள் விடியற்காலை அத்தனை கதவையும் திறந்துவிட்டு எல்லாக் குதிரைகளையும் வெளியே அனுப்பிவிட்டது. அது மட்டும் தீனி அறைக்குள் போய் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியைச் சொன்னவர் கட்டாயம் குதிரை வளர்த்தவர்தான். குளிப்பாட்டி முடித்த ஐந்தாவது நிமிடம் சேற்றில் புரள்வதைப் பார்த்து இருபது பேர் சேர்ந்து சிரிப்பது, வேலை அலுப்பில் வருகிறவருக்குப் பெரிய மருந்து.

குறையும் உண்டு. சில லாயங்களில் குதிரை நாள் முழுக்க அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும். கதவோரம் நின்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கிற குதிரையையோ, கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிற குதிரையையோ பார்த்தால், அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். அடைபட்டிருப்பதும் பசியும் தனிமையும் அப்படித்தான் வெளியே வரும். லாயம் பார்க்கப் போகும்போது அலுவலக அறையில் உட்கார்ந்து பேசாதீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போய்ப் புல் வலைகள் காலியாகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். குதிரைகள் ஒன்றை ஒன்று தொட முடிகிறதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறார்கள், ராத்திரி அங்கேயே தங்குகிறவர் யார் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த லாயம் மண்குதிரை. நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம்.

பங்குக் குதிரை

இதைச் சிலர் பாதிக் குதிரை என்று மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போய், வாரி, குளம்பு சுத்தம் செய்து, ஓட்டிவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். குழந்தைகள் சின்னவர்களாக இருக்கிற வீடு, வேலை மாறிக்கொண்டே இருக்கிற ஆள், இவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நோவு ஒன்றுதான்: முடிவெடுக்கிறவர் நீங்கள் இல்லை. நான் இரண்டு வருஷம் பங்குபோட்ட குதிரையை ஒரு நாள் விற்றுவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியவில்லை. பங்குபோடும்போதே, விற்பதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

விழுந்து பயந்துபோனவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பதுபோல, விழுந்தவரைச் சுற்றி நின்று "உடனே ஏறு, இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும்" என்று விரட்டுவார்கள். தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு ஏறவே கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட்டில் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். அப்புறம், வயதான சாதுவான பங்குக் குதிரை ஒன்றில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது, நடையிலேயே ஒரு மாதம் போங்கள். தனியாக ஓட்ட வேண்டியிருக்கிற வீட்டுக் கொட்டிலில் இந்தப் பயம் ஆறுவது ரொம்பக் கஷ்டம்.

யாருக்கு எது என்று கேட்டால், இதுவரை குதிரையே வைத்திராதவர் ஒரு முழு வருஷம் பங்குக் குதிரையில் இருக்கட்டும். வெயில், மழை, குளிர் எல்லாவற்றிலும் தன் ஆசை நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் வாங்கி, வெளியே மேயவிடுகிற லாயத்தில் சேர்க்கட்டும். இடமும் ஆளும் இரண்டு குதிரைக்குத் தாராளமாக இருக்கிறவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரட்டும்.

நான் என் குதிரையை லாயத்துக்கு மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. கணுக் காயம் ஆறி அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வயதான ஆண் குதிரை ஒன்று பக்கத்தில் நிற்க, இது மணலில் கால் நீட்டிப் படுத்துவிடும். உதடு துடிக்கும், கால் லேசாக உதைக்கும். என் சவாரி நேரத்தை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.