‘எஃப்பிஎஸ் அன்லாக்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

கேமிங் பிசி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘கேமிங் டியூனிங்’, ‘எஃப்பிஎஸ் பூஸ்ட்’ (கேம் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண்தான் எஃப்பிஎஸ்) என்று சில கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு சர்வீஸ் விற்கிறார்கள். 2,500 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வந்தது முன்பைவிட மோசமாக ஓடும் கேமும், வைரஸ் பாதுகாப்பே இல்லாத விண்டோஸும்.

புது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாற்றும் திரை, வாங்கியும் கேம் 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டவில்லை. வாங்கிய கடையிலேயே கேட்டேன். “உங்க சிஸ்டத்துல லிமிட் போட்டு வெச்சிருக்கு ப்ரோ, எடுத்து விட்டா பறக்கும்” என்றார். சிபியுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஓட்டிக் காட்டியபோது திரை மூலையில் 220 என்று எண் மின்னியது. கேமில் ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டுதான் அதைக் காட்டினார். சுவரைப் பார்த்து நின்றால் எந்தக் கார்டும் பறக்கும்.

வீட்டில் விளையாட உட்கார்ந்தால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் படம் குறுக்கே கிழிகிறது, சண்டைக் காட்சியில் திக்குகிறது, கிராபிக்ஸ் கார்டு ஃபேன் ஹேர் டிரையர் போலக் கத்துகிறது. போன் செய்தால், “கார்டு பழசு ப்ரோ, மாத்திடுங்க, நல்ல ரேட்டுக்கு போட்டுத் தரேன்.” முழுத் திட்டமும் அப்போதுதான் புரிந்தது.

நடந்தது இதுதான். விண்டோஸில் மானிட்டர் இன்னமும் 60 ஹெர்ட்ஸில்தான் இருந்தது. கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டி வைக்கும் வி-சிங்க் போட்டிருந்ததால் கேமும் 60-இல் நின்றது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 144 என்று மாற்றினால் தீர்ந்திருக்கும் விஷயம். கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. வி-சிங்க்கை அணைத்து, கேமுக்குள் இருந்த ஃப்ரேம் லிமிட்டையும் எடுத்துவிட்டார். கார்டு நொடிக்கு 220 படம் வரைந்தாலும் திரை காட்டுவது 60 முறை மட்டும். ஒரு படம் காட்டி முடியும் முன்பே அடுத்தது வந்து விழுவதால்தான் அந்தக் கிழிசல்.

எஃப்பிஎஸ் எண் பெரிதாக இருப்பது வேறு, படம் சீராக வருவது வேறு. 144 ஹெர்ட்ஸ் திரை சுமார் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் கேட்கிறது. கார்டு ஒன்றை 5-இலும் அடுத்ததை 20-இலும் கொடுத்தால் சராசரி அழகாக இருக்கும், கண்ணுக்குத் திக்கும். எட்டும் அளவுக்கு லிமிட் போட்டு இடைவெளியைச் சமமாக்குவதுதான் வழி. என்விடியா கண்ட்ரோல் பேனலில் 2020 ஜனவரியிலிருந்தே ‘மேக்ஸ் ஃப்ரேம் ரேட்’ இருக்கிறது. ஏஎம்டி டிரைவரிலும் இதற்கு வசதி உண்டு, இதையே செய்யும் ரிவாடியூனர் என்ற புரோகிராம் இலவசம். கார்டின் வேகத்துக்கேற்பத் திரையே வேகம் மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி இருந்தால் மானிட்டர் அளவுக்குச் சற்றுக் கீழே, 144-க்கு 138 முதல் 141 வரை வைக்கலாம். அது இல்லாவிட்டால் கனமான காட்சியிலும் கார்டு தாங்கும் எண்ணை வையுங்கள். நான் 138 வைத்திருக்கிறேன், ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது.

லிமிட் இல்லாமல் ஓடுவதில் சூடும் ஒரு பிரச்சினை. 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோது மெனு திரையிலேயே கார்டுகள் முழு வேகத்தில் ஓடிச் சூடாகின, அதைத் தயாரித்த பிளிசார்டே ஃப்ரேம் லிமிட் போடச் சொன்னது.

இவை கூட சரிசெய்யக்கூடியவைதான். என்னை ஆத்திரப்பட வைத்தது வேறு. விண்டோஸோடு வரும் வைரஸ் பாதுகாப்பான டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருந்தது, அப்டேட் நிறுத்தப்பட்டிருந்தது, ஸ்டார்ட்அப்பில் பெயர் தெரியாத ஒரு புரோகிராம் உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு “எஃப்பிஎஸ் ஏறணும்னா அதெல்லாம் ஆஃப் பண்ணித்தான் ஆகணும்” என்றார். டிஃபெண்டரை அணைத்துக் கிடைக்கும் வேகம் கண்ணுக்கே தெரியாது. நான் விண்டோஸையே புதிதாகப் போட்டு, பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட்டேன்.

பணம் திரும்பக் கேட்டால், “சாஃப்ட்வேர் வேலைக்கு ரிட்டர்ன் கிடையாது.” பில்லும் தரவில்லை. யுபிஐ ரசீதும் அவருடைய வாட்ஸ்அப் மெசேஜும் இருப்பதால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. இதேபோல் எங்காவது கொடுத்து வாங்கியிருந்தால் முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ரியல்-டைம் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் திறக்காதீர்கள்.